வீட்டில் மிச்சமிருந்த ஒரே நம்பர்

என் ஓரகத்திக்குப் பார்சல் வந்தால் கத்தரிக்கோல் கேட்டு மாடியிலிருந்து இறங்கி வருவாள். கத்தரிக்கோல் என்னிடம்தான் இருக்கும். அதனால் அவள் வாங்கிய எந்தப் பொருளையும் பார்க்காமல் நான் தப்பித்ததில்லை.

திருக்கழுக்குன்றத்தில் ஒரே வீட்டில் இருக்கிறோம். கீழே நான், என் வீட்டுக்காரர், மாமியார். மாடியில் கொழுந்தனாரும் அவளும். சிறுசேரியில் ஒரு கம்பெனி கேன்டீனில் பில் போடுகிறாள். போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் விலை பார்ப்பதுதான் அவள் வேலை. பார்சலைப் பிரித்ததும் பொருளை மாமியார் மடியில் வைப்பாள்.

“இன்னா வெல இருக்கும், சொல்லுங்க அத்தே பாப்போம்?”

மாமியார் ஆயிரம் என்பார். அவள் நானூறு என்பாள். “சின்னவ சமத்து” என்று சொல்லும்போது மாமியாரின் கண் என் பக்கம் ஒரு நடை வந்துவிட்டுப் போகும்.

ஒருமுறை செங்கல்பட்டில் கடை கடையாக ஏறி இறங்கிப் பேரம் பேசி ஒரு மிக்சி வாங்கினேன். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். மறுவாரம் அதே மிக்சியை அவள் போனில் காட்டினாள். எண்ணூறு ரூபாய் குறைவு. “அய்யோ, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேக்கா.” இன்றைக்கும் மிக்சியைப் போட்டால் எனக்கு அந்த ‘அய்யோ’தான் கேட்கிறது.

எல்லாவற்றையும்விட என் வயிறு எரிந்தது அவளுடைய தவாவைப் பார்த்துத்தான். அவள் ஊற்றும் தோசை வழுக்கிக்கொண்டு தட்டில் விழும். என் கல்லில் முதல் இரண்டு தோசையைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

நான் ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள். போனில் எதைத் தொட்டால் எது போய்விடுமோ என்று பயம். போன பொங்கலுக்கு முன்னால் அவள் வேலையிலிருந்து கூப்பிட்டு, “உன் போனுக்கு ஒரு ஓடிபி வரும், சொல்லுக்கா” என்றாள். சொல்லிவிட்டேன். மறுநாள் ரேஷன் கடை வரிசையில், அப்படிச் சொன்ன யாருக்கோ பேங்கில் இருந்தது மொத்தமும் போய்விட்டதாகப் பேசிக்கொண்டார்கள். யாரிடமும் சொல்லாமல் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறிப் போய்ப் பாஸ்புக்கில் வரவு செலவு அடித்துப் பார்த்தேன். பணம் அப்படியே இருந்தது. அப்படியும் அடுத்த வாரம் இன்னொரு தடவை போய்ப் பார்த்தேன்.

இப்படியிருக்க, செய்யூரில் நாத்தனார் வீடு கட்டிக் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தார். அண்ணிகள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பொருள் வைக்க வேண்டும். ஒரே ஒரு தடவை, ‘இன்னா வெல இருக்கும்’ என்று நான் கேட்க வேண்டும். அவள் வாயிலிருந்து கூடுதலாக ஒரு விலை வர வேண்டும். மலைக்கோயில் இருக்கும் பக்கம் பார்த்து இதைத்தான் வேண்டிக்கொண்டேன். நாத்தனார் வீடு நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்ட மறந்துபோனது பிறகுதான் உறைத்தது.

பயந்து பயந்து போனைத் தொட்டு, டேபிள் டாப் கிரைண்டர் ஒன்றைப் பார்த்து வைத்தேன். மூவாயிரத்து இருநூறு. முதல் தடவை வாங்குகிறவர்களுக்கு எண்ணூறு தள்ளுபடி என்று போட்டிருந்தது. என் நம்பரைப் போட்டேன். இந்த நம்பருக்கு ஏற்கெனவே தள்ளுபடி கொடுத்தாயிற்று என்று வந்தது. ரேஷன் கடை வரிசையில் கேட்டதுதான் நினைவுக்கு வந்தது. அவள் வேலை முடிந்து வரும்வரை வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன்.

“யாரோ என் நம்பர்ல வாங்கிகீறாங்க.”

“யாரோ இல்லக்கா, நாந்தான். அந்தத் தவா! புது நம்பருக்குப் பாதி வெல. அதுக்குத்தானே ஓடிபி கேட்டேன்?”

“என்னுது ஒண்ணுதானா?”

“உன்னுது, அத்தையோடது, எங்கம்மாது, கேன்டீன்ல பாத்திரம் கழுவுற அக்காது… எல்லாம் தீந்துபோச்சு. நானே இப்ப நம்பர் இல்லாம பேஜாராகீறேன்.”

நான் பார்த்துப் பார்த்துப் பொறாமைப்பட்ட தவா என் நம்பரிலேயே வந்திருக்கிறது. சிரித்துக்கொண்டே மாடி ஏறிப் போனாள்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் நினைவு வந்தது. மாமல்லபுரத்தில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார். பட்டன் போன்தான், உப்புக்காற்று பட்டுவிடும் என்று பிளாஸ்டிக் கவரில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருப்பார். அதையும் ஒரு நம்பர் என்று அவள் நினைக்கவே இல்லை.

மறுநாள் மதியம் சாப்பிட வந்தவரின் நம்பரைப் போட்டு, அவர் போனுக்கு வரும் ஓடிபியைப் படிக்கச் சொன்னேன்.

“இரு, கவரப் பிரிக்கிறேன். ஏழு… ரெண்டு… இது ஒண்ணா, ஏழா?”

“சீக்கிரம் சொல்லுங்க, நேரம் ஓடுது!”

“வேன்ல ஏறுறவன்கூட இப்டி வெரட்ட மாட்டான்.”

மூன்றாவது தடவைதான் நேரத்துக்குள் சொல்லி முடித்தார். அவளுக்கு அன்றைக்கு லீவு, மேலே கேட்டுவிடும் என்று இரண்டு பேரும் குசுகுசுவென்றே சண்டை போட்டோம். ரசத்தில் கை நனைந்தபடி, “எம் பேர்ல ஒரு கிரைண்டரா!” என்று அவருக்கு ஒரே பெருமை. “வெளிய வாயத் தொறக்காதீங்க” என்று சொல்லி வைத்தேன்.

பார்சல் வந்ததும் உள்ளே செங்கல் இருக்குமோ என்று பிரித்து, கிரைண்டர் கல்லைத் தொட்டுப் பார்த்து, திரும்ப ஒட்டினேன். வாங்கிய பிறகும் தினமும் விலை பார்த்தேன். எங்கே இறங்கிவிடுமோ என்று உயிர் போனது. ஒருநாள் நூறு ரூபாய் ஏறியிருந்தது. அன்றைக்கு இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டேன்.

கிரகப்பிரவேசத்தில் கிரைண்டரை நடுக்கூடத்தில் வைத்துவிட்டு, தொண்டையைச் சரிசெய்துகொண்டு கேட்டேன்.

“இன்னா வெல இருக்கும், சொல்லுங்க பாப்போம்?”

“அஞ்சாயிரம்?” என்றார் மாமியார்.

ஓரகத்தி பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். “மூவாயிரத்து முந்நூறு. நேத்துகூடப் பாத்தேன்.”

“ரெண்டாயிரத்து நானூறு.”

“பெரியவளா இது!” என்றார் மாமியார்.

ஓரகத்தி போனை எடுத்தாள், பார்த்தாள், வைத்தாள். என்னைத் தனியாக இழுத்தாள். “எந்த நம்பர்ல போட்டக்கா?” அந்தக் குரல் எனக்குத் தெரியும். அவள் தவாவை எங்கே வாங்கினாள் என்று கேட்டபோது என் தொண்டையிலிருந்து வந்த குரல் அது.

வேனில் திரும்பி வரும்போது எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் வீட்டுக்காரர் ஓட்டிக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் பிளாஸ்டிக் கவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நம்பரும் தீர்ந்துவிட்டது. சொன்னால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

“உங்க அண்ணன் நம்பரா?”

“இல்ல.”

“பால்காரரு?”

“இல்ல.”

“எதிர்வூட்டு டீச்சரு? சொல்லுக்கா!”

மலை கண்ணில் படும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.