டோரிஷின் கடைசிப் பீப்பாய்

எர்ச்சி இம்லாக்கின் இடது கால் எப்போதும் விறைப்பாக இருக்கும். மூட்டுவலி என்று ஊரில் சொல்லிக்கொள்வார். வலியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கால்சட்டைக்குள் தொங்கியது ஒரு செப்புக் குழாய். ஒரு முனையைப் பழைய காசு வைத்துப் பற்றவைத்து அடைத்து, மறுமுனைக்குத் தக்கை போட்டிருப்பார். பீப்பாய்க்குள் இறக்கி எடுத்தால் நாலைந்து பேருக்குத் தொண்டை நனையும். அதை எங்கள் தொழிலில் 'நாய்' என்போம், எஜமானை விட்டுப் போகாது என்பதால்.

இளவயதில் அவர் விஸ்கி காய்ச்சும் டோரிஷ் வடிசாலையில் இருந்தவர். அதை மூடிய வருடம் செப்புக் கொப்பரைகளை எடைக்குப் போட்டார்கள். ஆட்கள் சிதறினார்கள். எர்ச்சி கெட்டிஸ் கிடங்குக்கு வந்தார். கெட்டிஸ் குடும்பம் சொந்தமாகக் காய்ச்சுவதில்லை. பல வடிசாலைகளில் பீப்பாய்களை வாங்கி, தங்கள் கிடங்கில் ஊறவைத்து, தங்கள் லேபிளில் புட்டியில் அடைத்து விற்பார்கள். நான் அங்கே பீப்பாய் பழுது பார்ப்பவன். எர்ச்சியோடு சண்டை போட்டே காலம் தள்ளியவன்.

கிடங்கின் கோடியில், கறுத்துப்போன சுவரோரம், டோரிஷின் கடைசிப் பீப்பாய் கிடந்தது. அதன் காவல் எர்ச்சிக்கு. டோரிஷ்காரன் எவன் செத்தாலும் அதிலிருந்து கொஞ்சம் எடுப்பார். சவப்பெட்டியைக் கயிறு பிடித்துக் குழியில் இறக்கியவர்கள் ஆளுக்கு ஒரு வாய் குடிப்பார்கள், மிச்சம் மண்ணுக்கு. முதலாளி பழைய கெட்டிஸ் உயிரோடு இருந்தவரை அதைக் கண்டுகொள்ளவில்லை. மகள் ரோனா அப்படி இல்லை.

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. வியாபாரம் படுத்திருந்தது. வீட்டை அடமானம் வைத்து, அந்த ஒரு பீப்பாயை நம்பி உட்கார்ந்திருந்தாள். டோரிஷ் என்ற பெயருக்காகவே வாங்க ஆட்கள் தயாராக இருந்தார்கள். அது கைகூடாவிட்டால் கிடங்கு மூடல், நாங்கள் எல்லோரும் தெருவில். ஆனால் அந்தப் பழைய சரக்கின் சாராய வீரியம் வருடா வருடம் இறங்கிக்கொண்டே வந்தது. நாற்பது சதவீதத்துக்குக் கீழே போனால் சட்டப்படி அது விஸ்கியே இல்லை. அந்தக் குளிர்காலத்தில் நாற்பதைத் தொட்டுக்கொண்டு நின்றது.

டோரிஷ்காரர்களில் மிஞ்சியது இரண்டே பேர்: எர்ச்சியும், படுக்கையில் கிடந்த டாட் ஃபார்குவரும்.

"நான் மூடியத் தொறக்கத் தொறக்க ஆள் போறான்யா," என்றார் எர்ச்சி ஒருநாள். "ஆள் போறதால தொறக்கறனா, தொறக்கறதால போறானான்னே தெரியல."

"யோவ், காலையிலயே போட்டுட்டியா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் அந்த மூலைக்குப் போவது அதன்பிறகு பிடிக்கவில்லை.

ரோனா வந்து கண்டிப்பாகச் சொன்னாள். "எர்ச்சி, அடுத்த மாசம் புட்டில அடைக்கிறோம். அதுவரைக்கும் யார் செத்தாலும் சரி, அந்த மூடிய யாரும் தட்டித் தொறக்கக்கூடாது."

"டாட் செத்தா?"

"கடையில நல்லதா ஒரு புட்டி நானே வாங்கித் தரேன்."

"ஒங்கப்பன் சாவுக்குக் கடைப் புட்டிய ஊத்தியிருப்பியா பொண்ணே?" என்றார் எர்ச்சி. அவள் முகம் சிவந்தது. கதவை அறைந்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரமே டாட் போய்ச் சேர்ந்தார். அடக்கத்தன்று பனியும் மழையும் கலந்து முகத்தில் அடித்தது. பெட்டி இறங்கியதும் எர்ச்சி கால்சட்டைக்குள் கைவிட்டு நாயை உருவினார். எதிரே நின்ற ரோனாவின் உதடு வெளுத்தது. அதிலிருந்து ஊற்றிய கோப்பை எங்கள் கைகளில் சுற்றி வந்தது. குளிருக்கு மடக்கென்று விழுங்கினோம். என்ன குடிக்கிறோம் என்று ஒருவனும் யோசிக்கவில்லை.

மயானத்திலிருந்து நேராகக் கிடங்குக்குப் போனோம், மூவரும். அவள் வீரியம் காட்டும் மானியைச் சரக்கில் மிதக்கவிட்டு அளந்தாள். நாற்பத்திரண்டு.

"ஏறியிருக்கு!" என்று சிரித்தாள், சின்னப் பெண்ணைப்போல.

எங்கள் ஈரக் கிடங்கில் வீரியம் இறங்கும். தானாக ஏறி நான் பார்த்ததே இல்லை. அவளுக்கும் அது தெரியும். சிரிப்பு பாதியில் நின்றது.

"என்ன பண்ணீங்க, எர்ச்சி?"

"கொஞ்சம்தான் எடுத்தேன். எடுத்தப்புறம் அளந்து பாத்தா நாப்பதுக்குக் கீழ போயிருந்துது. டாட் செத்த நாளே இறங்கிட்டுது. நீ அதை விக்கணுமே. பக்கத்துப் பீப்பாயில காரமா இருந்ததுல ஒரு வாளி எடுத்து ஊத்தினேன்."

"வேற வடிசாலை சரக்கையா?"

"ஆமா."

வேற்றுச் சரக்கு ஒரு கரண்டி கலந்தாலும் டோரிஷ் என்று லேபிளில் போடக்கூடாது. தொழிலில் பால்மணம் மாறாத பிள்ளைக்கும் அது தெரியும். சற்றுமுன் பனியில் நின்று நாங்கள் மடக்கென்று விழுங்கியதுதான் உலகத்தில் மிஞ்சியிருந்த கடைசிக் கலப்படமில்லாத டோரிஷ். எர்ச்சியின் சாவுக்கு ஊற்ற ஒரு சொட்டு இல்லை, அதையும் அவரே தீர்த்துவிட்டார்.

"பேரு போயிடும்னு தெரியாதா உங்களுக்கு?" என்று கத்தினாள்.

"தெரியும். நாப்பதுக்குக் கீழ போனா பேரும் போகும், சரக்கும் போகும். சரக்காவது நிக்கட்டும்னு பாத்தேன். பேரில்லாம வித்துக்க."

"பேரில்லாம வித்தா வட்டிக்கே பத்தாது. லேபிள் அடிச்சாச்சு, எர்ச்சி. வாங்கறவனுக்கு எப்படித் தெரியும்?"

"என்கிட்ட வந்து கேட்டா சொல்லிடுவேன். டோரிஷ்னு பொய் சொல்ல எனக்கு வாய் வராது."

ரோனா மானியை எடுத்துத் துணியால் நிதானமாகத் துடைத்தாள். கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. அத்தனை அமைதியாக அவளை நான் பார்த்ததில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"எர்ச்சி," என்றாள் பரிவாக. இத்தனை வருடத்தில் ஒருநாளும் கேட்காததைக் கேட்டாள். "உங்க உடம்பு இப்ப எப்படி இருக்கு?"

"நெஞ்சுதான் அப்பப்ப அடைக்குது," என்றார் அவர், வெள்ளந்தியாக. "படியேறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

அவள் தலையாட்டிக்கொண்டாள். மேல்தட்டுப் பீப்பாய்களுக்குப் போகும் ஏணியை ஒருதரம் பார்த்தாள். பிறகு, கலப்படம் தெரிந்த இன்னொருவனான என் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு?"