பின்னட்டையில் சொல்லாமல் விட்டது

ஒரு நாவலின் பின்னட்டையில் நாலு வரியைச் சரியாக எழுதிவிட்டால், கோபித்துக்கொண்டு கண்ணமங்கலத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போன மனைவி திரும்பி வந்துவிடுவாள் என்று நம்பினேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நான் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டேன்.

நாவல் எழுதப்போகிறேன் என்று அவளை ஜவ்வாது மலைக்கு இழுத்து வந்தவன் நான்தான். ஒரு மழைக்காலம் இருந்து பார்த்தாள். "நீங்க பேப்பரோட பேசறீங்க. நான் இன்னா செவுத்தோடவா பேசறது?" என்று கேட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டாள். நாவலிலும் ஒருத்தி அப்படித்தான் போகிறாள். கடைசிப் பக்கத்தில் திரும்பி வருகிறாள்.

பதிப்பாளர் பின்னட்டைக் குறிப்பு கேட்டார். 'மனைவி போகிறாள்' என்று போட்டால், நம்ம கதையை ஊருக்கு விற்கிறார் என்று புத்தகத்தைத் திறக்கவே மாட்டாள். 'திரும்பி வருகிறாள்' என்று போட்டால், அட்டையிலேயே காலில் விழுந்த மாதிரி ஆகும். எழுதுவேன், அடிப்பேன், எழுந்து போய் ரெண்டு டம்ளரில் டீ போடுவேன். ஒன்றைக் குடித்துவிட்டு இன்னொன்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கடைசியில் 'மழை நிற்காத ஒரு மலைவீட்டில் இரண்டு பேர்' என்பதோடு நிறுத்தி அனுப்பினேன்.

எங்கள் பக்கம் போன் பேச வேண்டுமென்றால் பஸ் நிற்கும் வளைவுக்குத்தான் வர வேண்டும். அங்கேதான் சிக்னல், அங்கேதான் டீக்கடை, அங்கேதான் ஊரும். அங்கே வைத்துத்தான் பதிப்பாளர் என்னைப் போனில் பிடித்துக்கொண்டார்.

"என்ன சார், வானிலை அறிக்கை மாதிரி இருக்கு? அவ கடைசியில என்ன ஆனா?"

லைன் விட்டு விட்டு வந்தது. நான் தொண்டை கிழியக் கத்தினேன்: "திரும்பி வர்றா சார்! ஆனா அதை யார்கிட்டயும் சொல்லக்கூடாது!"

பஸ்ஸுக்கு நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"வூட்டம்மா வர்றாங்களா சார்?" என்றார் டீக்கடைக்கார அம்மா.

"இல்லம்மா, அது கதை."

"ஆமா ஆமா, நாங்க யார்கிட்டயும் சொல்லல" என்று கண்ணடித்தார்.

மறுநாள் என் வாசலில் ஒரு பை சாமை அரிசி. "அம்மா வந்தா பொங்கிப் போடுங்க" என்று பக்கத்துக் காட்டுக்காரர் வைத்துவிட்டுப் போயிருந்தார். போளூர் பஸ் கண்டக்டர் தினமும் சாயங்காலம் படியில் தொங்கியபடி, "இன்னிக்கும் வரல சார்!" என்று தகவல் சொல்ல ஆரம்பித்தார். கதைதான் என்று எல்லோரிடமும் அடித்துச் சொன்ன நானும் பஸ் வரும் நேரத்துக்கு வளைவில் போய் நின்றேன். சிக்னலுக்காக.

புத்தகம் வந்தது. பின்னட்டையில் மழை மட்டும். ஒரு பிரதியைக் கண்ணமங்கலத்துக்கு அனுப்பினேன். சில வாரம் கழித்து, நான் வளைவில் நின்றபோது அவளே போன் செய்தாள். முழுக்கப் படித்திருந்தாள்.

"அட்டை நல்லா கீது. நம்மளப் பத்தி ஒண்ணும் சொல்லல. கடைசிப் பக்கந்தான் நம்பற மாதிரி இல்ல."

"அடுத்த பதிப்புல மாத்திடவா?" என்றேன், ஜோக் அடிப்பதாக நினைத்துக்கொண்டு.

சிக்னல் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

"மாத்துங்க" என்றாள்.

அவள் வரவில்லை. சாமையை நானே பொங்கித் தின்றேன்.