இன்ஷிராவின் தொப்புள்கொடி

றுஷ்தா பிறந்தது புத்தளத்து அகதி முகாமில். போர்க்காலத்தில் பெற்றோர் வெளியேற்றப்பட்ட யாழ்ப்பாணத்தை அவள் முதன்முதலில் கண்டது, மாமி மகன் றுமைஸைக் கலியாணம் முடித்து வந்தபோதுதான். பாதி இடிந்த வீட்டில் இரண்டு அறைகளுக்குக் கூரை போட்டு, பள்ளிச் சீருடை தைத்தே குடும்பத்தை நிமிர்த்தினாள்.

மூத்தவன் இன்ஸாப் ஒன்பதாம் மாதத்தில் வெளிறத் தொடங்கினான். தலசீமியா என்றார்கள். தாய் தகப்பன் இருவரிடமும் ஒளிந்திருந்த குறை பிள்ளையில் ஒன்றாய்ச் சேர்ந்துவிட்டதாம். அன்றிலிருந்து மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது.

அவனுக்கு ஆறு வயதானபோது றுஷ்தா மறுபடி உண்டானாள். பிறக்கும் பிள்ளையின் தொப்புள்கொடி இரத்தம் பொருந்தினால் மூத்தவனைக் குணமாக்கப் பார்க்கலாம் என்றார் டொக்டர். ஆனால் இந்தப் பிள்ளைக்கும் அதே இரத்த வருத்தம் வர நாலில் ஒரு பங்கு இடமுண்டு, வயிற்றிலேயே பரிசோதிக்கலாம் என்றும் சொன்னார்.

"தெரிஞ்சு நான் என்ன செய்யிறது, டொக்டர்? வேண்டாம்."

கொழும்பிலுள்ள தொப்புள்கொடி இரத்த வங்கியொன்று, இரத்தம் சேர்க்கும் பையோடு ஒரு பெட்டி அனுப்பியது. பிரசவமோ குறித்த நாளுக்கு மூன்று கிழமை முந்தி, புயல் நாளில் வந்தது. தாதி கஜானி கொடியை வெட்டியதும் பையைத் தாழ்த்திப் பிடித்து, இரத்தம் இறங்கி முடியும்வரை நின்றாள். இரண்டு நாளுக்குள் அது கொழும்பு சேர வேண்டும். ரயில் ஓடவில்லை. வவுனியாவுக்கு அப்பால் வெள்ளம் தெருவை மூடியிருந்தது. றுமைஸ் பஸ் மாறி மாறி, பெட்டியை மடியைவிட்டு இறக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தான். வீட்டில் எல்லாரும் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். றுஷ்தா மட்டும் மகள் இன்ஷிராவின் உள்ளங்கையை விரித்து விரித்துப் பார்த்தாள். சிவப்பாகத்தான் இருந்தது. இன்ஸாபுக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

ஒரு மாதம் கழித்து வங்கியிலிருந்து போன் வந்தது. றுமைஸ் "ஓம், ஓம்" என்று மட்டும் கதைத்துவிட்டு, நிலத்தில் குந்தினான்.

"ரத்தம் பொருந்துதாம். ஆனா பிள்ளைக்கும் அந்த வருத்தம் இருக்காம், றுஷ்தா. இன்ஸாபுக்குக் குடுக்கேலாதாம்."

அவள் அழவில்லை. தங்கச்சிக்கும் இரத்தம் ஏற்ற வேண்டிவரும் என்று இன்ஸாபிடம் அவள்தான் சொன்னாள்.

"அப்ப அவளை எனக்குப் பக்கத்துக் கட்டிலிலை விடச் சொல்லுங்கோ, உம்மா."

றுமைஸின் தங்கை அஸீஸாவை றுஷ்தாவின் தம்பி றஊபுக்குப் பேசி வைத்திருந்தார்கள். மறுநாளே றுஷ்தா, அவர்களிடமும் அந்தக் குறை ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க, இருவரையும் இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனாள். கலியாண வீட்டில் இதென்ன அபசகுனம் என்று மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முடிவு வரும்வரை நிக்காஹ்வுக்கு நாள் வைக்க றுஷ்தா விடவில்லை.