அண்ணனுக்கு நான் சொல்லிக்கொடுத்த கடைசி வரி

எங்கள் அண்ணன் ஆண்டவரிடம் போய் ஓராண்டு ஆகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. எழுதியாவது கொடு என்று அண்ணி சொன்னதால் எழுதுகிறேன்.

அண்ணன் இராயபுரத்தில் பிறந்தார். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவர் படுத்த படுக்கையான பிறகு நாங்கள் இருவரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. அண்ணன் சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் தகடு வெட்டி, வெல்டிங் கற்று, தங்கையின் கல்யாணத்தை முடித்தார். பிறகு வளைகுடாவில் ஒரு கப்பல் பட்டறைக்குப் போனார். இரண்டு ஆண்டில் என்னையும் அழைத்துக்கொண்டார். அறையில் யாருக்காவது காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார்.

அங்கே எங்களுக்கு வேலை பர்மிட்தான் உயிர். அலுவலக ஆள் அறைப் பக்கம் வந்தால், யாருடைய பர்மிட் போயிற்றோ என்று சோற்றில் கை வைத்தபடி அசையாமல் இருப்போம். ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்கும் முன் கண் பரிசோதனை உண்டு. அண்ணனுக்கோ பார்வை மங்கிக்கொண்டே வந்தது. கண்ணாடி கேட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எல்லோரும் நம்பினோம். அது உண்மையா என்று கேட்க ஒருவருக்கும் தைரியம் இல்லை.

பரிசோதனைக்கு என் முறை முன்னால் வரும். சுவரில் எப்போதும் ஒரே எழுத்து அட்டைதான்.

"டேய், கடைசி வரில இன்னா கீது, சொல்லு."

"வாணாம்ணா. டாக்டராண்ட உண்மைய சொல்லிடு."

"சொன்னா அடுத்த பிளைட்டுதான். அப்பால உங்கண்ணி கையால துன்னலாம். உலையில இன்னாத்த போடறது, உன்னையா?"

சொல்லிக்கொடுத்தேன். ஏழு எழுத்து. குளிக்கும்போதும் முணுமுணுப்பார். நான்கு ஆண்டுகள் தேறினார்.

சென்ற ஆண்டு ஒரு நாள், பொழுது சாயும் நேரம், கப்பலிலிருந்து இறங்கும்போது இல்லாத படியில் கால் வைத்துவிட்டார். மருத்துவமனையில் மூன்று நாள் இருந்தார். "கண்ணு மேட்டர யாராண்டயும் சொல்லாதடா. உன் பர்மிட்டும் பூடும்" என்றார். பிறகு அவர் பேசவில்லை. படியில் எண்ணெய் இருந்தது, வழுக்கிவிட்டார் என்று உங்களிடம் சொன்னவன் நான். அது பொய். மன்னித்துவிடுங்கள்.

இப்போது விடுப்பில் வந்ததும் அண்ணியிடம் உண்மையைச் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவரோ, "உன் கண்ணு எப்டி கீது தம்பி?" என்று கேட்டார்.

"மங்கலாத்தான் கீது அண்ணி" என்றேன். கடந்த பரிசோதனையில், அண்ணனுக்காக மனப்பாடம் செய்த அந்த வரியை நானும் பார்க்காமல்தான் சொன்னேன். அடுத்த மாதம் என் பர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டும்.

"திங்கக்கெழம கண்ணாஸ்பத்திரிக்குப் போறோம். நானும் வரேன்" என்றார் அண்ணி. "ஒருத்தர குடுத்தது போதும்."

அண்ணனைத் தோளில் சுமந்து இறக்கிய அறைத் தோழர்களுக்கும், உடல் வந்து சேரும்வரை அலைந்த பங்கு மக்களுக்கும், விமான நிலையத்தில் காத்துக் கிடந்த தெருக்காரர்களுக்கும் நன்றி. அண்ணிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

திங்கட்கிழமை போகும் ஆஸ்பத்திரியில் வேறு அட்டை மாட்டியிருப்பார்கள். அதன் கடைசி வரி எனக்குத் தெரியாது.