செத்த மாட்டைப் பிழைக்க வைத்த அதிகாரி

நடந்து முடிந்த ஒரு சாவு உண்மையிலேயே நடந்ததா இல்லையா என்பதை, அது நடந்தபோது ஊரிலேயே இல்லாத ஒரு ஆள் வந்து முடிவு செய்யும் உத்தியோகத்துக்குத்தான் காப்பீட்டு விசாரணை அதிகாரி என்று பெயர். அரசுக் காப்பீட்டு அலுவலகத்தில் பதினோரு வருடம் தீ விபத்துப் பிரிவில் இருந்தேன். எரிந்த குடோனைப் பார்த்தால் தீ எந்த மூலையில் பிடித்தது என்று சொல்லிவிடுவேன். ஆள் பற்றாக்குறை என்று ஒரு திங்கட்கிழமை என்னைத் தூக்கித் தர்மபுரி கால்நடைப் பிரிவில் போட்டார்கள். தெரியாத வேலையைத் தெரிந்த முகத்தோடு செய்துகொண்டிருக்கும் அன்பர்களும், அப்படிப்பட்டவர்களிடம் மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களும் என் கஷ்டத்தைப் புரிந்துகொள்வார்கள்.

வயதுச் சான்று

முதல் விசாரணை நல்லம்பள்ளிப் பக்கம். செத்த மாட்டின் வயதை ஆதாரத்தோடு எழுதச் சொன்னது படிவம். பல்லைப் பார்த்து வயது சொல்வார்கள் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார் மாட்டுக்காரர். போனால் போகிறது, பிறந்தபோது கூட இருந்த யாராவது ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்று இறங்கி வந்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தார்.

"அதோட ஆத்தாளும் போன வருசமே போயிடுச்சுங்க சார். வேற யாரக் கேக்கறது?"

கேள்வி எண் ஒன்பது

அடுத்து வந்தது காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் மாதம்மாளின் மாடு. கணவர் இல்லை, கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்கள். கட்டியிருந்த இரண்டு மாட்டில் கறவையாக இருந்தது வயிறு உப்பிச் செத்துவிட்டது. மற்றது பால் வற்றி நின்றது. காப்பீடு வந்தால்தான் வேறு கறவை வாங்க முடியும், இல்லாவிட்டால் பெரிய பெண்ணின் படிப்பு நின்றுவிடும் என்று உள்ளே நுழைந்ததுமே சொல்லிவிட்டார்.

மாட்டுக்கான படிவம் தீர்ந்துபோய், ஆயுள் காப்பீட்டுப் படிவத்தைத்தான் அப்போது பயன்படுத்திக்கொண்டிருந்தோம். எந்தக் கேள்வியையும் விடக்கூடாது என்பது உத்தரவு. ஒன்பதாவது கேள்வி, இறந்தவருக்குக் குடிப்பழக்கம் உண்டா என்பது. முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கேட்டேன்.

"கழனித் தண்ணி குடிக்குங்க. அதுவும் உப்பு போட்டாத்தான்."

படம் எடுத்த கதை

நான் போனதே மூன்றாம் நாள். கால்நடை மருத்துவர் வந்து பார்த்துச் சான்று எழுதி, மாட்டின் காதிலிருந்த எண் போட்ட மஞ்சள் வில்லையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய், மாட்டைப் புதைத்தும் ஆகிவிட்டது. என் செல்போனிலிருந்த அலுவலகச் செயலியோ உரிமையாளர், மாடு, காதுவில்லை மூன்றும் ஒரே படத்தில் இருந்தால்தான் அறிக்கையை வாங்கிக்கொள்ளும். புதைத்த குழியை எடுத்து அனுப்பினேன். மாடு தெரியவில்லை என்று திருப்பி அனுப்பியது. மாதம்மாளைத் தனியாக நிறுத்தி எடுத்தேன். மறுபடியும் மாடு தெரியவில்லை என்றது.

அப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. இன்னொரு மாட்டை அவிழ்த்து வரச் சொல்லி, அதன் காதோரம் வில்லையைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்தேன். செயலி உடனே பச்சை விளக்குக் காட்டியது. மாதம்மாளுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

"செத்தது அது, படம் இதுக்குங்களா? செரி, நீங்க படிச்சவங்க. செரியாத்தான் இருக்கும்."

நல்ல உடல்நலம்

ஒன்றரை மாதம் கழித்து மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. படத்தில் மாடு உயிரோடும் நல்ல உடல்நலத்தோடும் காணப்படுவதால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது என்று எழுதியிருந்தார்கள். மாதம்மாள் அந்தக் கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

ஏற்றிய அறிக்கையைத் திருத்த வழி கிடையாது, வேண்டுமானால் அந்தம்மா உங்கள் மேல் புகார் கொடுக்கட்டும் என்றார் எங்கள் கண்காணிப்பாளர் ஆரோக்கியசாமி. மாதம்மாளுக்கு எழுத வராது. அதனால் என் மேல் புகாரை நானே எழுதினேன். எடுபட வேண்டுமே என்று கவனமற்ற, பொறுப்பற்ற, தகுதியற்ற என்று எதையும் மிச்சம் வைக்கவில்லை. வாசித்துக் காட்டியபோது அவர் நெளிந்தார்.

"இவ்ளோ திட்ட வேணாங்க சார். பொறுப்பில்லன்றது மட்டும் இருக்கட்டும்."

எதிரியும் நானே

புகார் மேலே போய்ச் சுற்றிக் கீழே வந்தது. அந்தப் பகுதியின் விசாரணை அதிகாரி நேரில் சென்று விசாரித்து அறிக்கை தர வேண்டும் என்று குறிப்பு. அந்தப் பகுதிக்கு இருப்பது ஒரே அதிகாரி, அது நான். பஸ் ஏறிப் போய் மாதம்மாள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, என்னைப் பற்றி அவரிடம் விசாரித்தேன். குற்றம் சாட்டப்பட்டவர் மிரட்டினாரா, கையூட்டு கேட்டாரா, போதையில் இருந்தாரா என்று வரிசையாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் அவர் இல்லை என்று சொன்னதை எழுதிக்கொண்டேன்.

பெரிய பெண் கல்லூரியை நிறுத்திவிட்டு ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குப் போவதாக அப்போதுதான் சொன்னார். பேனா ஓடவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தால் ஒரு பெண்ணின் படிப்பு போய்விட்டதே என்று மனசு ரொம்பவே கஷ்டப்பட்டது. கடைசியாக, அந்த அதிகாரியைப் பற்றி வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன்.

"நல்ல மனுசந்தாங்க சார். மாட்டப் பத்தி ஒண்ணுமே தெரியாது, அவ்ளோதான்."

இரண்டு வரிக் குறிப்பு

உள்ளதை உள்ளபடி எழுதினேன். அதிகாரிக்கு மாடு பற்றி எதுவும் தெரியாது, படம் அவருடைய யோசனை, மாடு செத்தது உண்மை. பதினைந்தே நாளில் பதில் வந்தது. விசாரணை அதிகாரி தகுதியற்றவர் என்பது நிரூபணமாகிவிட்டதால், தகுதியற்ற ஒருவர் தந்த இந்த அறிக்கையை ஏற்க இயலாது என்றார்கள். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

ஆரோக்கியசாமி அதை இரண்டு முறை படித்துவிட்டு, நான் இந்தப் பிரிவுக்கு வந்ததிலிருந்து முதல் முறையாகச் சிரித்தார். இவர் தகுதியற்றவர் என்றால் இவருடைய முதல் அறிக்கையும் செல்லாது, படமும் செல்லாது, மிஞ்சுவது கால்நடை மருத்துவரின் சான்று ஒன்றுதான் என்று இரண்டே வரியில் குறிப்பு எழுதி அனுப்பினார். மேலிடத்துக்கு மறுப்புச் சொல்ல வழியில்லை. அந்த மாதமே கோரிக்கை அனுமதிக்கப்பட்டது. புதுக் கறவை வந்தது, பெரிய பெண் கல்லூரிக்குத் திரும்பினாள். மாதம்மாள் எனக்குப் போன் போட்டு, நல்லா இருக்கணும் என்று வாயார வாழ்த்தினார்.

"புது மாட்டுக்கும் இன்ஷூரன்ஸ் போட்டுட்டேங்க சார். ஏதாச்சும் ஒண்ணுன்னா நீங்க மட்டும் வந்துராதீங்க."

இத்தனை வருட சர்வீஸில் என்னால் ஒரு குடும்பத்துக்கு விளைந்த ஒரே நன்மை, எனக்கு வேலை தெரியாது என்பது அரசாங்க முத்திரையோடு உறுதியானதுதான்.