பவுனக்கா கட்டிய எட்டு வீடு

என் அக்கா பவுனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தேனியில் எந்த மனைக்கு எப்போது விலை ஏறும், எப்போது இறங்கும் என்று அவளைக் கேட்டுவிட்டுத்தான் நாலெழுத்துப் படித்தவனும் முன்பணம் கொடுப்பான். அவள் தம்பி என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான். பெருமைப்பட்டால் என்ன, எவன் கேட்பது?

மதுரையிலிருந்து போடிக்கு ரயில் விட்ட வருஷம், மார்க்கையன்கோட்டையில் தன் பங்குக்கு வந்த நஞ்சையை விற்றாள். புருஷனை இழந்தவள், பிள்ளையும் இல்லை. தேனி ஸ்டேஷனுக்குப் பின்னால் கல்லும் முள்ளுமாகக் கிடந்த நிலத்தை வாங்கினாள்.

"நெல்லு விளையுற பூமியை வித்துட்டு ஓணான் ஓடுற பூமியை வாங்கியிருக்கா. இவளுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று சொந்தபந்தமெல்லாம் சிரித்தது. அக்கா வரிசையாக எட்டு வீடு கட்டினாள். சுவர் காய்வதற்குள் ரயில்வே ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். சிரித்தவர்களே அடுத்த வருஷம் மூன்று மடங்கு விலைக்குப் பக்கத்து மனையைக் கேட்டு அலைந்தார்கள்.

பதினாலு வருஷம் ஓடியது. யுத்தத்துக்கு இரும்பு வேண்டும் என்று தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். எட்டில் ஆறு வீடு பூட்டிக் கிடந்தது. தேனி அவ்வளவுதான் என்று ஆளாளுக்கு வீட்டை விற்றார்கள். இன்னும் விலை இறங்குமுன் தள்ளிவிட வேண்டும் என்று நானும் கிளம்பினேன். அக்காவைக் கேட்காமலே, வியாபாரி சண்முகராஜிடம் எட்டு வீட்டையும் பாதி விலைக்குப் பேசி, வெற்றிலை பாக்கோடு நூறு ரூபாய் அச்சாரமும் வாங்கிவிட்டேன். எங்கள் பக்கம் அச்சாரம் வாங்கினால் பேச்சு முடிந்தது. பின்வாங்கினால் இரண்டு மடங்காகத் திருப்ப வேண்டும்.

விஷயம் தெரிந்தும் அக்கா என்னைத் திட்டவில்லை. மறுநாள் விடிந்ததும் சந்தைத் திடலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். முந்தின நாள் சந்தைக்கு வந்த வியாபாரிகள் வண்டிக்கடியிலும் மூட்டை மேலும் சுருண்டு கிடந்தார்கள்.

"ஏலே சங்கிலி, முன்னெல்லாம் இவுக சந்தை முடிஞ்சு எங்கலே படுத்தாக?"

"சாயங்கால ரயிலைப் பிடிச்சு ஊருக்குப் போயிருவாக."

"இப்ப?"

திடலில் சுருண்டு கிடந்தவர்களைத் திரும்பிப் பார்த்தேன். ரயில்தான் ஆட்களைக் கொண்டுவருகிறது என்று ஊரே நினைத்திருந்தது. பொழுது சாய்ந்ததும் அவர்களை அள்ளிக்கொண்டு போனதும் அதே ரயில்தான் என்று அவள் ஒருத்திக்குத்தான் தோன்றியது.

அன்றைக்கே காதிலிருந்த தண்டட்டியைக் கழற்றி விற்றாள். அச்சாரப் பணத்தோடு இன்னொரு நூறையும் சேர்த்துச் சண்முகராஜ் முன்னால் வைத்தாள்.

"ரயிலே போயிருச்சு, பூட்டுன வீட்டை வச்சு என்னத்தா பண்ணப் போறீக?" என்றார் அவர்.

"அது என் பாடு. எந்தம்பி வாக்குத் தவறிட்டான்னு நாளைக்கு ஒருத்தர் சொல்லப்படாதுய்யா. எண்ணிப் பாத்துக்கங்க."

வெறுமையாகத் தொங்கிய அவள் காதைப் பார்த்து அழுதேன். மீசை வைத்த ஆம்பிளை, நடுத்தெருவில் நின்று அழுதேன்.

மூன்றே மாதம். ஆறு வீட்டையும் பஞ்சு வியாபாரிகளும் ஏலக்காய் வியாபாரிகளும் ராத்தங்க வாடகைக்குப் பிடித்துக்கொண்டார்கள். கையில் காசு சேர்ந்ததும், "முதல்ல தண்டட்டியைச் செய்யுக்கா" என்று கெஞ்சினேன். கேட்டால்தானே! அந்தப் பணத்தில் ஒன்பதாவது வீட்டைக் கட்டி, என் பேருக்கு எழுதி, பத்திரத்தை என் கையில் திணித்தாள்.

"இனிமே அச்சாரம் வாங்க ஆசை வந்துச்சுன்னா, ஒன் வீட்டுக்கு வாங்குலே" என்றாள்.