ஜார்ஜ் காட்டிய ஆரியா

பக்கத்து மனையில் வேலை தொடங்கி, முதல் தளத்துக்குக் கூரை போடும்வரை அந்தக் கட்டடத்தைப் பற்றி ஜார்ஜுக்கு ஒரே ஒரு கருத்துதான் இருந்தது: இவ்வளவு அமைதியாக வேலை பார்க்கிற ஆட்களை அவர் கண்டதே இல்லை. அதை மனதோடு வைத்துக்கொள்ளவும் இல்லை. மேஸ்திரி தங்கப்பாண்டியைத் தெருவில் நிறுத்தி, கையைப் பிடித்துக் குலுக்கியே சொன்னார். தெருவே காதில் பஞ்சு வைத்துக்கொண்டு திரிந்த காலம் அது. தங்கப்பாண்டி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மரியாதை தெரிந்தவர். பெரியவர் குத்திக் காட்டுகிறார் என்று நினைத்து அன்று முழுக்கத் தலை நிமிராமல் வேலை பார்த்தார்.

ஜார்ஜ் தன் காதுகளைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு வந்தவர். கப்பலின் மேல்தளத்தில் நின்று கிரேன்காரருக்குக் கை காட்டுகிற சிக்னல்மேன் வேலை. அந்த இரைச்சலில் வாயால் சொல்வது எதுவும் எடுபடாது, எல்லாம் கைதான். விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் ஹாபீஸ், தூக்கு. கீழே நீட்டிச் சுழற்றினால் ஆரியா, இறக்கு. முஷ்டியை உயர்த்தினால், நில். ஓய்வு பெற்று ராயபுரத்து வீட்டில் வந்து உட்கார்ந்தபின், ஊரில் எல்லோரும் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். காதில் கோளாறு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவரைத் தவிர.

இதற்கான விலையைக் கொடுத்தவள் அவர் மனைவி டோரதி. கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவள். குரல் கம்மி, பாட்டுக்கு நடுவில் உடைய ஆரம்பித்ததும் டாக்டரிடம் போனார்கள். அவர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

"வீக்கம் இருக்கும்மா. இனிமே கத்தவே கூடாது. கத்தினா ஆபரேஷன் வரைக்கும் போகும். அதுக்கப்புறம் பாட முடியுமான்னு நான் சொல்ல மாட்டேன். வீட்டுல யார்கிட்ட இவ்ளோ கத்தறீங்க?"

டோரதி மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். டாக்டருக்குப் புரிந்துவிட்டது.

"டாக்டர் இன்னா சொல்றாரு?" என்றார் ஜார்ஜ்.

அதையும் அவள் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விம்கோ நகரிலிருந்து மகள் கரோலின் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தாள். அதிலிருந்த காது கேட்கும் மெஷினை அப்பாவுக்கு மாட்டினாள். அன்று கட்டட வேலைக்கு விடுமுறை. டோரதி சமையலறையில் நின்று சாதாரணக் குரலில், "காப்பி குடிக்கிறியா?" என்றாள். ஜார்ஜுக்குக் கேட்டது. கல்யாணம் ஆன புதிதில் கேட்ட அதே குரல். அவர் இரண்டு முறை வாங்கிக் குடித்தார்.

திங்கட்கிழமை காலை கம்பி அறுக்கும் மெஷினைப் போட்டார்கள்.

"இன்னாடி இது சத்தம்! இன்னிக்குதான் ஆரம்பிச்சானுங்களா?"

"ஆறு மாசமா கீதுயா," என்றாள் டோரதி, ரகசியம் சொல்வதுபோல. அவர் கை காதுக்குப் போவதைப் பார்த்து, "கழட்டாத. நீ கழட்டினா நான் கத்தணும்," என்றாள்.

ஜார்ஜ் நேராகத் தங்கப்பாண்டியிடம் போய், சத்தத்தை நிறுத்தச் சொன்னார்.

"ஐயா, நீங்கதான அன்னைக்குக் கையப் புடிச்சுப் பாராட்டுனிய?" என்றார் அவர், குழம்பிப்போய்.

"அது வேற காதுப்பா."

"காதா? சரிங்கய்யா. ஆனா சத்தமில்லாம கம்பி அறுக்க எனக்குத் தெரியலியே. நீங்களே ஒரு வழி சொல்லுங்க, செய்யுதேன்."

ஜார்ஜ் வாயால் சொல்லவில்லை; எழுதிக் கொடுத்தார். எந்த மெஷின், எந்த வகைச் சத்தம், எந்த வேளையில் நிறுத்தலாம் என்று கோடு போட்டு, கட்டம் கட்டி, பக்க எண்ணும் போட்டு ஒரு மனு. இத்தனை சுத்தமாக எழுதியதை எவனாலும் தட்ட முடியாது என்று நம்பினார். தங்கப்பாண்டி மரியாதையோடு இரு கையாலும் வாங்கி, முழுவதும் படித்து, தூசி விழாமலிருக்கத் தன் டீ கிளாஸை அதைக்கொண்டு மூடினார். மெஷின் ஓடியது.

புதன்கிழமை ஹைட்ரா வந்தது. சக்கரத்தில் உருண்டு வரும் அந்தக் கிரேன் வண்டியைத் தெருவில் நிறுத்தி, கம்பிக் கட்டுகளைப் புதுத் தளத்துக்கு ஏற்ற வேண்டும். தெருப்பக்கம் மின்கம்பி குறுக்கிட்டதால், ஜார்ஜ் வீட்டு மொட்டை மாடிக்கு மேலாகச் சுற்றிக் கொண்டுபோகத் தங்கப்பாண்டி டோரதியிடம் அனுமதி கேட்டிருந்தார். யாரும் மாடி ஏறக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். டோரதி அதைக் கணவரிடம் சொன்னாள். கம்பி அறுக்கிற நேரத்தில், மெல்லிய குரலில் சொன்னாள். ஜார்ஜ் சரி சரி என்று தலையாட்டினார். பல வருடப் பழக்கம் அது.

கொஞ்ச நேரத்தில் காங்கிரீட் கலக்கும் மிக்சர், கம்பி அறுப்பு, ஹைட்ரா மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தன. காதுக்குள் யாரோ தகரத்தைக் கிழிப்பதுபோல் இருந்தது. ஜார்ஜ் விறுவிறுவென்று மாடி ஏறினார். தெருவில் ஹைட்ராவுக்குள் உட்கார்ந்திருந்த ஆள் தெரிந்தான். "சத்தத்தக் கொறைடா!" என்று கத்தினார். அது அவருக்கே கேட்கவில்லை. அப்போது அவரது வலது கை தானாக நீண்டது. விரல் கீழே பார்த்தது. அழகாக, நிதானமாக ஒரு வட்டம் போட்டது.

ஹைட்ராவை ஓட்டியவன் ரஷீது. துறைமுகத்தில் ஒப்பந்த வேலையில் கிரேன் ஓட்டிப் பழகியவன். புதுத் தளத்தில் நின்று கை காட்ட வேண்டிய ஆள் தூணுக்குப் பின்னால் மறைந்திருந்தான். ரஷீதின் கண்ணுக்குத் தெரிந்தது ஒரே ஒரு கைதான், அதுவும் பிழையில்லாத கை. அவன் இறக்கினான்.

கம்பிக் கட்டு தலைக்கு நேரே வருவதைப் பார்த்து ஜார்ஜ் பின்னால் துள்ளினார். முஷ்டியை உயர்த்தியிருந்தால் போதும், நின்றிருக்கும். ஆனால் சத்தம் தாங்காமல் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். தூக்கிக் காட்டக் கை மிச்சமில்லை.

கம்பிக் கட்டு தண்ணீர்த் தொட்டியின்மேல் உட்கார்ந்தது. தொட்டி பிளந்தது. தண்ணீர் படிக்கட்டு வழியாக இறங்கிச் சமையலறைக்குள் டோரதியின் காலை நனைத்தது. அவள் படியருகே ஓடிவந்தாள். கணவர் மேலே இருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"யோவ்!"

தெருமுனை வரைக்கும் கேட்ட கூச்சல். அடுத்த சொல்லுக்கு வாய் திறந்தாள், காற்றுதான் வந்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மெஷின்கள் நின்றன. தெரு முழுக்க வந்து நின்றது.

"நைனா, உனுக்கு ஒண்ணும் ஆவலியே?" என்று முதலில் ஓடிவந்தவன் ரஷீது. அடி படவில்லை என்று தெரிந்ததும் குரல் ஏறியது. "இன்னா நைனா நீ! பக்காவா ஆரியா காட்டிகினு நின்னா நான் எறக்காம இன்னா பண்ணுவேன்?"

"நான் சத்தத்தக் கொறைக்கச் சொன்னேன்."

"சத்தத்துக்கு ஏது நைனா ஆரியா?"

கூட்டம் சிரித்தது. புரியாதவர்களுக்காக ரஷீது ஆரியா, ஹாபீஸ், முஷ்டி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் செய்து காட்டினான். சிரிக்காமல் கவனமாகப் பார்த்தவள் டோரதி ஒருத்திதான். தங்கப்பாண்டி அன்று மாலைக்குள் புதுத் தொட்டி வைத்துக் குழாயும் மாட்டிக் கொடுத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் ஜார்ஜுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

டாக்டர் மறுபடியும் விளக்கடித்துப் பார்த்தார். "நல்லவேளை, ஒரு கத்தலோட நிறுத்திட்டீங்க. ஒரு வாரம் மூச்சுகூடச் சத்தமா விடக் கூடாது," என்றார். இந்தமுறை ஜார்ஜுக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் மிக்சர் ஓட ஆரம்பித்தது. ஜார்ஜின் கை காதுக்குப் போய், பாதியில் நின்றது. டோரதி அவரைப் பார்த்தாள். போகட்டும் என்பதுபோல் தலையசைத்தாள். அவர் மெஷினைக் கழற்றினார். அவள் வலது கையை நீட்டி, விரலைக் கீழே காட்டி, சின்னதாக ஒரு வட்டம் போட்டாள்.

ஜார்ஜ் உட்கார்ந்தார். சோறு வந்தது.

அன்றிலிருந்து வேலை நடக்கிற நேரமெல்லாம் வீட்டில் கைதான். விரல் மேலே போனால் எழுந்து கடைக்குப் போகிறார். கீழே வந்தால் உட்காருகிறார். கிரேன்களை ஆட்டிவைத்தவர் இப்போது கிரேனாகிவிட்டார் என்று அவரே ரஷீதிடம் சொல்லிச் சிரித்தார். சாயந்திரம் வேலை நின்றதும் டோரதி காதைத் தொட்டுக் காட்டுகிறாள். அவர் மெஷினை மாட்டுகிறார். அவள் மெல்லப் பேசுகிறாள். கிறிஸ்துமஸுக்குள் பாடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

நேற்று மத்தியானம் சாப்பாட்டின்போது, துறைமுகத்தில் தன் கைக்கு இருந்த மதிப்பைப் பற்றி ஜார்ஜ் ஒரு கதையை ஆரம்பித்தார். மிக்சர் சத்தத்தை மிஞ்ச வேண்டுமே என்று உரக்கவே ஆரம்பித்தார். டோரதி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முஷ்டியை உயர்த்தினாள்.

ஜார்ஜின் கதை நின்றது.